பன்னிரண்டரை சதவீதம்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பட்டை பட்டையாக ஒரு படம் போட்டுவிட்டு, கீழே "முதல் ஆண்டைவிட நான்காம் ஆண்டில் எத்தனை சதவீதம் குறைந்துள்ளது?" என்று கேட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்தை அவசரமாகத் திருப்பியிருப்பீர்கள். நான் திருப்பவில்லை. எனக்கு அது தின்பண்டம் மாதிரி. இப்போதும் அப்படித்தான். மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசிப் படத்தைப் பார்த்து மனசுக்குள் வகுத்துக்கொண்டே இருப்பேன். என் டோக்கனைக் கூப்பிட்டது காதில் விழாது. நர்ஸ் வந்து தோளைத் தட்டுவார்.

இப்படிப்பட்ட என்னை அதே கணக்கை வைத்து ஒருவர் கவிழ்த்தார். வெளியாளாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். என் அம்மா.

கல்வராயன் மலையில் நாங்கள் இரண்டு வருடம் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும் மட்டும். வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு பள்ளிக்கூடம், பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. சுற்றியுள்ள மலைக்கிராமங்களின் பெண்பிள்ளைகள் அங்கே தங்கி எட்டாவது வரை படிப்பார்கள். அம்மா அந்த விடுதிக்கு வார்டன். ஆபீஸ் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. நாலு வயதுத் தம்பி அவரோடு கீழே, அத்தை வீட்டில் வளர்ந்தான். சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் அப்பா மேலே வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பேருந்தில் இறங்கிவிடுவார். சில வாரம் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவார். வளைவுகளில் வாந்தி எடுத்து, இறங்கும்போது பிள்ளை வாடிய கீரை மாதிரி இருப்பான்.

அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் முதல் மாணவி என்று கொடுத்த சான்றிதழ் அவளுடைய இரும்புப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்கும் கீழே, அந்துருண்டை வாசனையோடு கிடந்தது.

என் பெஞ்சுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்ததால் பெஞ்சுக்காரி. விடுதிப் பிள்ளை. அவளுடைய கிராமம் அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. எனக்கு வேகம் அதிகம், அவளுக்கு நிதானம் அதிகம். நான் விடையைக் கத்திவிட்டுப் பிறகு யோசிப்பேன். அவள் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பலா மரத்தைப் பார்ப்பாள். பிறகு மெதுவாக, "நீ தப்பு" என்பாள்.

ஒருநாள் அப்படித்தான். நாற்பது ஐம்பது ஆனால் எத்தனை சதவீதம் ஏற்றம் என்று ஒரு கணக்கு. இருபத்தைந்து என்றேன். சரி. அடுத்தது, ஐம்பது நாற்பது ஆனால் எத்தனை இறக்கம். அதே பத்துதானே, அதே இருபத்தைந்து என்று கத்தினேன்.

"தப்பு. இருவது."

"எப்படிடி? ஏறுனதும் பத்து, எறங்குனதும் பத்து."

"எதுலேர்ந்து மாறுச்சின்னு பாருடி. எங்கூருக்குப் போற வழி ஒரே வழிதான். ஏறி வந்தாலும் அதே தூரம், எறங்கிப் போனாலும் அதே தூரம். ஏறுறப்ப மூச்சு ஜாஸ்தி வாங்குதா இல்லியா?"

அந்த விளக்கம் கணக்குப்படி முழுக்கச் சரியா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் இழுப்பேன். ஆனால் அதற்குப் பிறகு பழைய அளவால் வகுக்க வேண்டிய இடத்தில் புது அளவால் நான் வகுத்ததே இல்லை.

புத்தகத்தில் இருந்த படங்கள் எங்களுக்குப் பத்தவில்லை. விடுதிச் சமையலறைக்குச் சாமான் பொட்டலமாக வரும். மிளகாயும் பெருங்காயமும் சீரகமும் பழைய செய்தித்தாளில் மடித்துச் சணலால் கட்டியிருக்கும். பிரிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் போய் நிற்போம்.

"இன்னா, கழுதைங்களா, வந்துட்டீங்களா?" என்பார் சமையல்கார அக்கா. "வேற பொண்ணுங்கல்லாம் பொட்டலத்துல சர்க்கர இருக்குதான்னு பாக்கும். இதுங்க ரெண்டும் காயிதத்த நக்குதுங்க."

பட்டைப் படம் கிடைத்தால் எங்களுக்குப் பண்டிகை. ஏதோ ஊரின் நெல் விளைச்சல், ஏதோ அணையின் தண்ணீர், எதுவாக இருந்தால் என்ன. மிளகாய்க் காரம் விரலில் ஏறிக் கண்ணைத் தேய்த்து அழுதுகொண்டே சதவீதம் போடுவோம். அப்படி ஒரு காகிதத்தில்தான் அது வந்தது. இரண்டு பட்டைகள். உயரமானதன் தலையில் நூறு, குட்டையானதன் தலையில் தொண்ணூறு. நான் பத்து சதவீதம் இறக்கம் என்று உடனே சொல்லிவிட்டேன். பெஞ்சுக்காரி ஸ்கேலை எடுத்து இரண்டு பட்டையையும் அளந்தாள்.

"ஸ்கேலால அளந்தா பாதி இருக்குது. எண்ணுல பாத்தா பத்துல ஒண்ணுதான் கொறையுது. எது நெஜம்?"

அப்போதுதான் அடியைப் பார்த்தோம். இடப்பக்கத்து நேர்கோடு கீழே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் நெளிந்திருந்தது. சின்னதாக, இரண்டு வளைவு. அதற்கு மேலே எண்பதிலிருந்து எண்கள் தொடங்கின.

"இன்னாடி இது, கோட்டுக்கு நெளி மோதிரம் போட்டு வுட்டுருக்கானுங்க?" என்று சிரித்தாள் பெஞ்சுக்காரி. அன்றிலிருந்து அதற்கு நெளி என்றே பெயர்.

பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு மூலையில் இருந்தது. இடம் போதாதபோது அடிப்பகுதியை விட்டுவிட்டு வரையலாம், ஆனால் விட்டிருக்கிறோம் என்று காட்ட அந்தக் குறியைப் போட வேண்டும். எனக்கு வாசித்ததும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காலையில பனி எறங்கினா எதிர்மலையில உச்சி மரம் மட்டும் தெரியும் பாரு. பாக்கறதுக்கு அது மட்டும் ஆகாசத்துல நிக்கறாப்ல இருக்கும். கீழ மலை முழுசும் கீது. நாமதான் பாக்கல. அந்தப் பனிதாண்டி இந்த நெளி."

இதைவிடச் சுருக்கமாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு நான் படித்த கல்லூரியிலும் சரி.

இப்போது அம்மா. அவளுக்கு மலை பிடிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விடுதிப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் தன் கையால் மருந்து போடுவாள். தலையில் ஈர் எடுப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்து வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நிற்பாள். கீழே மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மலைக்கு வேறு ஆள் வர மாட்டேன் என்கிறார்கள் என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

அந்த வருடம் பொங்கல் விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி போயிருந்தோம். தம்பி விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அம்மா ஓடிப்போய்த் தூக்கினாள். அவன் அவளுடைய கையிலிருந்து திமிறி, "அம்மா, அம்மா" என்று அத்தையிடம் ஓடினான். அத்தை சங்கடத்தோடு, "கொழந்ததானே அண்ணி, வுடுங்க" என்றார். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நான் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

திரும்பி மேலே வந்த இரண்டாம் வாரம், விடுதியைப் பார்க்க மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நாலு வருசத்துல விடுதியில எத்தன பிள்ளைங்க இருந்தாங்கன்னு ஒரு படம் வரைஞ்சு குடுக்கிறியா? சார்ட்டுல. சுவத்துல மாட்டலாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து சுருட்டி வாங்கி வந்த சார்ட் பேப்பர். அதை விரித்தால் திரும்பச் சுருண்டுகொள்ளும், நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும். பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனா, பிளாஸ்டிக் உறையோடு. அந்த ரோஸ் நிறப் பேனாவின் இனிப்பு வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பேனாதான் எந்தக் குப்பையில் போனதோ.

எண்கள் எளிதானவை. நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்துநாலு, நாற்பத்திரண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து வரைந்தேன். நாலு நெட்டைக்காரர்கள் வரிசையில் நிற்கிற மாதிரி வந்தது.

அம்மா வந்து பார்த்தாள். "எல்லாம் ஒரே ஒசரமா இருக்கே. வித்தியாசமே தெரியலியே."

"வித்தியாசம் கம்மிதாம்மா. பன்னெண்டரை சதவீதம்தான்."

"தெரியற மாதிரி வரையேன். கீழ இருக்கறத விட்டுட்டு மேல மட்டும் பெரிசாக்கு. அதுக்கு ஒரு வழி இருக்கில்ல?"

இருக்கிறதே! எனக்கு அது தெரியும் என்று காட்ட ஒரு வாய்ப்பு. பின்பக்கம் திருப்பி மறுபடி வரைந்தேன். நாற்பதிலிருந்து தொடங்கினேன். ஒரு பெண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர். முதல் பட்டை நாற்பது சென்டிமீட்டர் உயரம், கடைசிப் பட்டை பத்தே சென்டிமீட்டர். பார்க்கப் படிக்கட்டு மாதிரி சரசரவென்று இறங்கியது. இடப்பக்கக் கோட்டின் அடியில் அழகாக ஒரு நெளி போட்டேன். கோட்டின் ஓரமாக எண்களை எழுதினேன்.

பெஞ்சுக்காரி குனிந்து பார்த்தாள். "ஆறு பேரு கொறைஞ்சதுக்கு இம்மாம் பெரிய எறக்கமா? அந்த ஆறு பேரு யாருன்னு நான் சொல்லட்டா? ரெண்டு பேரு குடகுக்குப் போயிட்டாங்க காப்பி பறிக்க. ஒருத்திக்குக் கல்யாணம்..."

"நெளி போட்டிருக்கேன்ல?" என்றேன்.

"போட்டிருக்க. சரி." நெளியை விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

மறுநாள் முற்பகல் ஜீப் வந்தது. பனி அப்போதுதான் விலகியிருந்தது. நான் தலை சீவிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். சார்ட் சுவரில் தொங்கியது. என்னவோ மாறியிருந்தது. முதலில் அழகாகத்தான் தெரிந்தது. நாலு பக்கமும் பச்சை நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பார்டர். மூலைகளில் பூ. அந்தப் பார்டர் இடப்பக்கம் என் கோட்டின் மேலேயே ஏறிப் போயிருந்தது. நெளி இல்லை. எண்களும் இல்லை. நாலு பட்டை, அடியில் நாலு வருடம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் கேட்பதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். பிள்ளைகளிடம் சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். பெஞ்சுக்காரி அந்த வருடம் விடுதித் தலைவி. அவள்தான் தட்டில் தண்ணீரும் டீயும் எடுத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"யாரு வரைஞ்சது? சுத்தமா இருக்கே," என்றார் அதிகாரி, சார்ட்டைப் பார்த்து.

"என் பொண்ணுதாங்க சார். ஏழாவது படிக்குது."

"அப்படியா? வாம்மா இங்க. நாலு வருசத்துல எத்தன சதவீதம் கொறைஞ்சிருக்கு, சொல்லு பாப்போம்."

என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு பிரியமான கேள்வி கேட்டதில்லை. மூச்சுகூட விடவில்லை. "பன்னெண்டரை சதவீதம் சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கையில் இருந்த கோப்பைத் திறக்கவும் இல்லை. பேனா மூடியால் முதல் பட்டையின் உச்சியைத் தொட்டார், பிறகு கடைசிப் பட்டையின் உச்சியைத் தொட்டார்.

"இது இவ்ளோ ஒசரம். இது இவ்ளோதான். பாத்தாலே முக்கால்வாசி போயிடுச்சுன்னு தெரியுது, பன்னெண்டரைங்கிறியே! வரைஞ்சா மட்டும் போதாதும்மா, படிக்கவும் தெரியணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். பயந்து பார்க்கவில்லை. இரண்டு வினாடியில் அவள் சொல்லிவிடுவாள் என்று உறுதியாக நம்பிப் பார்த்தேன். கணக்கில் முதல் மாணவி. படத்தின் அடியில் என்ன இருந்தது என்று அந்த அறையில் இருந்த பெரியவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சின்னப் பொண்ணுங்க சார். வரையத்தான் வருது. சதவீதக் கணக்கு இன்னும் சரியா வரல அவளுக்கு."

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பெஞ்சுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு. எத்தன?" என்றார் அதிகாரி, உற்சாகப்படுத்துகிற குரலில்.

நாற்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்ற இரண்டு எண்களைச் சொல்லியிருந்தால் போதும். அவரே வகுத்துப் பார்த்திருப்பார். பச்சைப் பார்டரின் மூலையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து இதழ்.

"பரவால்ல, பரவால்ல," என்று என் தலையைத் தட்டினார். போகும்போது சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி ஜீப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"நெளிய ஏம்மா அழிச்ச?"

"அழிக்கலடி. பார்டர் போட்டேன். பெரியவங்க பாக்குறது, அழகா இருக்க வேணாமா?"

"பன்னெண்டரை சரிதானே? சரின்னு உனக்குத் தெரியும்ல?"

தம்பியின் சட்டை ஒன்று, போன முறை வந்தபோது விட்டுப்போனது, கொடியில் இருந்தது. அதைத் துவைத்துப் போட்டிருந்தாள். அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போய்ப் படி," என்றாள்.

கேளுங்கள், ஒரு சார்ட் பேப்பர் ஒரு விடுதியைக் கீழே இறக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை தாள்கள் மேலே போயினவோ, யார் யாருக்கு என்ன கணக்கோ, பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். முழுப் பரீட்சை நேரத்தில் உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதால் மலையில் இருக்கும் விடுதி, கள்ளக்குறிச்சிப் பக்கம் உள்ள ஒரு விடுதியோடு சேர்க்கப்படுகிறது. வார்டனும் பிள்ளைகளும் அங்கே போக வேண்டும்.

அம்மா பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்தது பொய் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று முடிவுசெய்ய முடியவில்லை. அவள் உண்மையிலேயே நம்பினாள், நாற்பத்திரண்டு பேரும் தன் பின்னால் பேருந்தில் ஏறி வருவார்கள் என்று.

"அங்க பத்தாவது வரைக்கும் இருக்கு. ஃபேன் இருக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. எல்லாரும் வாங்க, நான்தானே அங்கயும் வார்டன்?"

ஒரு சின்னது கை தூக்கியது. "அங்கேர்ந்து ஞாயித்துக்கெழம வூட்டுக்கு நடந்து போவலாமாங்க?"

அம்மா, "பஸ் இருக்கு கண்ணு," என்றாள்.

முழுப் பரீட்சை லீவுக்குப் பள்ளி மூடிய அன்று பெற்றோர்கள் வந்தார்கள். பெஞ்சுக்காரியின் அப்பா கடுக்காய் மூட்டையைச் சந்தையில் போட்டுவிட்டு வெறும் கோணியைத் தோளில் மடித்துப்போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அவரிடம் தனியாகவே பேசினாள்.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்குதுங்க. கீழ அனுப்புங்க, என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துப்பீங்க வார்டனம்மா, இல்லன்னு சொல்லல. இங்க இருந்தா புள்ளைக்குக் காச்சல்னு சேதி வந்தா ரெண்டு மணி நேரத்துல நடந்து வந்துடுவேன். ராகிக் களி கெளறிக் குடுத்துட்டு, பாத்துட்டுப் போவேன். கீழ எப்டி வருவேன்? எனக்கு அந்த ஊர்ல ரோட்டத் தாண்டவே தெரியாது."

பெஞ்சுக்காரி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கட்டம் போட்ட என் கிராஃப் நோட்டை அவளிடம் நீட்டினேன். பாதிக்கு மேல் பக்கம் மிச்சமிருந்தது. அவள் வாங்கவில்லை. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள்.

ஜூனில் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நானும் அம்மாவும் மூன்று நாள் நின்றோம். மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பேருந்துக்கும் அம்மா பட்டியலோடு போவாள். முதல் நாள் ஏழு பேர். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் ஒருத்தி, அவளும் வாந்தி எடுத்துக்கொண்டே. மொத்தம் பதினொன்று. அம்மா பட்டியலை மடித்துப் பர்சில் வைத்தாள். நான் கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டிலிருந்து பதினொன்று. எழுபத்தேழு சதவீதம் இறக்கம். அந்தச் சார்ட்டில் அதிகாரி கண்ணால் பார்த்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

தம்பி எங்களோடு வந்து சேர்ந்தான். இரண்டு மாதத்தில் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டான். நான் டவுன் பள்ளியில் சேர்ந்து கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்க ஆரம்பித்தேன். வீட்டில் நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வருடத்தில் அம்மா மூன்று முறை மலைக்குப் போனாள். வராத பிள்ளைகளைக் கூப்பிட. முதல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது முறை, காலாண்டு விடுமுறையில், நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். பேருந்திலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தோம். அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஏறினாள்.

பெஞ்சுக்காரி மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் உயரமாகியிருந்தாள், அல்லது தாவணி அப்படிக் காட்டியது. அம்மாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வேகவைத்த கிழங்கு வைத்தாள். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எண்ணெய் கொண்டுவந்தாள்.

"வந்துடும்மா," என்றாள் அம்மா. "கட்டில்கூட போட்டு வெச்சிருக்கேன் உனக்கு. இப்ப வந்தாகூட அரையாண்டு எழுதிடலாம்."

"இங்கயே இருந்தத எடுத்துக்கினு போயிட்டீங்க," என்றாள் அவள். கோபமே இல்லை குரலில். கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள். "இப்ப என்னையும் எடுத்துக்கினு போவ வந்தீங்களா?"

அம்மா, பெஞ்சுக்காரியின் அப்பா வரும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள், எங்களுக்கு முதுகைக் காட்டி. எனக்கு அதுதான் சமயம் என்று தோன்றியது. நாலு மாதமாக நெஞ்சில் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை, எனக்கும்தான் துரோகம் நடந்தது, அம்மா எனக்கும் சேர்த்துத்தான் செய்தாள். என்னைப் போலவே ஏமாந்தவள் இவள் ஒருத்திதான், இவளுக்குப் புரியும்.

"நெளிய அழிச்சது நான் இல்லடி," என்றேன். "நான் அவரு கேட்டதும் சொன்னேன்ல? நீதானே பக்கத்துல நின்ன. பன்னெண்டரைன்னு நான் சொன்னேன்ல?"

அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டாள். காட்டுக்குள் இறங்கும் முன் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"சொன்ன," என்றாள். "ஒரே ஒரு தபா."